தொழுநோய்ச் சட்டங்களும் "தெரியாமல் செய்துவிட்டார்கள்" என்ற சமாதானமும்

கரிசல்மண்:

நண்பர்களே, பழைய கொடுமை எதைப் பற்றிப் பேசினாலும் யாராவது ஒருவர் "அந்தக் காலத்து ஆட்களுக்கு என்ன தெரியும், பாவம், தெரியாமல் செய்துவிட்டார்கள்" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுகிறார்கள். அது எவ்வளவு தூரம் சரி என்று பேசலாம் என்றுதான் இந்த இழை. தொழுநோயை எடுத்துக்கொள்கிறேன். இந்த ஒரு நோயில் மட்டும் எந்த ஆண்டில் எவருக்கு எது தெரிந்திருந்தது என்பதற்கு எழுத்துச் சாட்சியம் இருக்கிறது.

1873-இல் நார்வேயின் பெர்கன் நகரத்தில் ஹான்சன் என்ற மருத்துவர் நோயாளிகளின் திசுவில் கிருமியைப் பார்த்துவிட்டார். அதுவரை இது பரம்பரை நோய், சாபம், முன்வினை. அவருடைய மாமனாரே அந்த ஊரின் பெரிய தொழுநோய் நிபுணர், பரம்பரைதான் என்று நம்பியவர். சரி, அதுவரைக்கும் "தெரியாது" என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். ஹவாயில் மொலொகாய் தீவில் நோயாளிகளோடு வாழ்ந்த டேமியன் பாதிரியார் 1889-இல் அதே நோயால் இறந்ததும் ஐரோப்பா பயந்துபோனது. லண்டனில் நிதி திரட்டி இந்தியாவுக்கு ஓர் ஆணையத்தை அனுப்பினார்கள். அவர்கள் 1890-91-இல் இங்கே சுற்றிப் பார்த்துவிட்டு, இது மிக மிகக் குறைவாகவே ஒட்டும், கட்டாயப்படுத்தி அடைத்துவைக்கத் தேவையில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அனுப்பிவைத்த குழுவே அதை ஏற்கவில்லை. 1898-இல் தொழுநோயாளர் சட்டம் வந்தது. பிச்சை எடுக்கும், அல்லது பிழைக்க வழியில்லாமல் திரியும் நோயாளியைப் போலீஸ்காரர் வாரண்ட் இல்லாமலே பிடித்துக்கொண்டு போய் இல்லத்தில் அடைக்கலாம். அதாவது அடைக்கப்படுவது ஏழை மட்டும். வீடுவாசல் இருக்கிற நோயாளியை அடைக்க அந்தச் சட்டத்தில் வழி இல்லை. கிருமிக்குப் பயந்து போட்ட சட்டம் என்றால் கிருமி சொத்துபத்து பார்த்தா வரும்? தெருவில் அந்த முகங்களைப் பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சட்டத்தை நாடாளுமன்றம் ஒரேயடியாக நீக்கியது 2016-இல். 118 ஆண்டுகள். என் கேள்வி இதுதான்: இந்த 118-இல் எத்தனை ஆண்டுகளுக்கு "தெரியாமல் செய்தார்கள்" என்ற சமாதானம் செல்லும்?


சுண்ணாம்புக்கல்:

கரிசல், நீங்கள் கொஞ்சம் கடுமையாகப் பேசுகிறீர்கள். கிருமி தெரிந்துவிட்டது என்பதும் மருந்து கிடைத்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. 1873-க்கும், உருப்படியான முதல் மருந்து வந்த 1940-களுக்கும் நடுவில் என்ன இருந்தது? நீரடிமுத்து எண்ணெய் ஊசி போட்டார்கள், அதுவும் உருப்படியாகக் குணப்படுத்தவில்லை. வீட்டில் குழந்தைகளை வைத்திருக்கும் ஒரு தாய்க்கு, பக்கத்து வீட்டுக்காரரின் கை விரல்கள் மடங்கிப் புண்ணாக இருப்பதைப் பார்த்தால் என்ன தோன்றும்? ஒதுங்கு என்றுதான் தோன்றும். அதைத் தப்பெண்ணம் என்று சொல்லிவிடுவது இன்றைக்கு நமக்குச் சுலபம். மருந்து இல்லாத ஊரில் விலகி இருப்பது ஒன்றுதான் கையில் இருந்த மருந்து. கொள்ளைநோய் பார்த்த சமுதாயம் அப்படித்தான் நடந்துகொள்ளும். அரசாங்கத்தைத் திட்டுங்கள், அந்தத் தாயைத் திட்டாதீர்கள்.


பாலாற்றங்கரை:

முப்பது வருடத்துக்கு மேல் தொழுநோய்ப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்புக்கல் தம்பி சொல்கிற அந்தத் தாயைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். அவள் மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. ஆனால் அவள் எதைப் பார்த்துப் பயந்தாள் என்பதைக் கொஞ்சம் யோசியுங்கள். மடங்கிய விரல், கால் புண், உள்வாங்கிய மூக்கு. இவை பெரும்பாலும் நோய் எப்போதோ வந்துபோனதன் மிச்சம். அந்த ஆளிடமிருந்து தொற்ற வாய்ப்பு மிகக் குறைவு, பல பேரிடம் அறவே கிடையாது. தொற்றும் நிலையில் இருப்பவர் சட்டை போட்டுக்கொண்டு பளிச்சென்று கடையில் உட்கார்ந்திருப்பார், யாருக்கும் தெரியாது, சில நேரம் அவருக்கே தெரியாது. ஊர் ஒதுக்கியது ஒருவரை, கிருமி இருந்தது இன்னொருவரிடம்.

"விரல் அழுகி விழுந்துவிடும்" என்கிறார்களே, அது நோயின் நேரடி வேலை இல்லை. கிருமி தோலிலும் நரம்பிலும் குடியேறுகிறது. நரம்பு செத்தால் அந்த இடத்தில் உணர்ச்சி போய்விடும். சூடான பாத்திரத்தை வெறுங்கையால் தூக்குவார், சுடுவது தெரியாது. செருப்பில் ஆணி ஏறியிருக்கும், நாள் முழுக்க அதன்மேலேயே நடப்பார். புண்ணாகும், சீழ் வைக்கும், எலும்பு கரையும், விரல் குட்டையாகும். 1940-களின் பிற்பாதியில் வேலூர் சிஎம்சிக்கு வந்த பால் பிராண்ட் என்ற எலும்பு மருத்துவர்தான் இதை ஒவ்வொரு நோயாளியாகப் பார்த்துப் பிடித்துச் சொன்னார். ராத்திரியில் சிலருக்கு விரல் நுனி காணாமல் போகிறதே என்று பார்த்தால் தூங்கும்போது எலி கடித்திருக்கிறது, வலி இல்லாததால் அவர்கள் விழிக்கவில்லை. நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள். மடங்கிய கைக்குத் தசைநாணை மாற்றிப் பொருத்தி விரலை நிமிர்த்தினார்கள். ஆணி ஏறாத, அழுத்தம் பரவுகிற எம்சிஆர் என்கிற நுண்துளை ரப்பர் செருப்பு வந்தது. அந்தச் செருப்பை நான் ஆயிரக்கணக்கில் கொடுத்திருப்பேன். அதிலும் ஒரு வேதனை: செருப்பைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பலர் வாங்கிக்கொண்டு போய்ப் பரணில் வைத்துவிடுவார்கள். கால் புண் திரும்ப வரும்.

இன்னொன்று. உலகத்தில் சுமார் 95% பேருக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி இயல்பாகவே உண்டு. 1981-இல் உலக சுகாதார நிறுவனம் டாப்சோன், ரிஃபாம்பிசின், குளோஃபாசிமின் மூன்றையும் சேர்த்த கூட்டு மருந்தைப் பரிந்துரைத்தது. ஆறு மாதம், கூடுதலாக இருந்தால் பன்னிரண்டு மாதம், முடிந்தது. மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே மற்றவருக்குத் தொற்றும் தன்மை போய்விடும். அதனால் கரிசல் கேட்ட கேள்விக்கு என் பதில், 1980-களுக்குப் பிறகு படித்தவர்கள் யாரும் "தெரியாது" என்று சொல்ல முடியாது.


சுண்ணாம்புக்கல்:

பாலாற்றங்கரை அண்ணா, விரல் விஷயம் எனக்கு இதுவரை தெரியாது. நன்றி. ஆனால் "படித்தவர்கள்" என்று ஒரு கோடு போட்டீர்களே, அதுதான் உறுத்துகிறது. எஞ்சினியர் படித்தவனுக்கு இது எங்கே சொல்லித் தந்தார்கள்? பள்ளிப் பாடத்தில் இரண்டு வரி. மருத்துவத் துறையே தனக்குத் தெரிந்ததைத் தனக்குள் வைத்துக்கொண்டால் ஊர் எப்படித் தெரிந்துகொள்ளும்?


நீதிமன்றவாசல்:

ஊருக்குத் தெரியாமல் இருக்கலாம், சரி. சட்டம் எழுதுகிறவருக்கும் தீர்ப்பு எழுதுகிறவருக்கும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் கடமை உண்டு. எங்கள் துறையில் நடந்ததைச் சொல்கிறேன்.

1955 இந்து திருமணச் சட்டத்தில் விவாகரத்துக்கான காரணங்களில் ஒன்று "கடுமையான, குணப்படுத்த முடியாத வகைத் தொழுநோய்". அந்த வரியை எழுதும்போதே டாப்சோன் மருந்து நம் செங்கல்பட்டு திருமணி மருத்துவமனையில் புழக்கத்துக்கு வந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. 1981-க்குப் பிறகு "குணப்படுத்த முடியாத தொழுநோய்" என்று ஒன்று மருத்துவத்திலேயே இல்லை. சட்டப் புத்தகத்தில் மட்டும் இருந்தது. அது மட்டுமா, 2001-இல் கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டத்தைத் திருத்தியபோது புதிதாகத் தொழுநோயை அதில் சேர்த்தார்கள். 2001! மருந்து இலவசமாகக் கிடைக்கும் காலத்தில்! திருத்தம் எழுதியவர் அந்த அறையிலிருந்து ஒரு தோல் மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தால் போதும். யாரும் கூப்பிடவில்லை. இதைத் தெரியாமை என்று சொல்ல என்னால் முடியாது, தெரிந்துகொள்ள அக்கறையே இல்லை.

2008-இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒடிஷாவிலிருந்து ஒரு வழக்கு வந்தது. நகராட்சித் தேர்தலில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஒருவரை, தொழுநோய் இருந்தது என்பதற்காகத் தகுதிநீக்கம் செய்தார்கள். அந்த மாநிலத்தின் 1950 நகராட்சிச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு. உச்ச நீதிமன்றம் பிரிவு செல்லும் என்று சொல்லிவிட்டது. மருத்துவம் இவ்வளவு முன்னேறிவிட்டதால் இப்படிப்பட்ட பிரிவு இனித் தேவையா என்று சட்டமன்றம் யோசிக்கலாம் என்றும் அதே தீர்ப்பில் எழுதினார்கள். அந்த வரி எழுதும் அளவுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது, ஆனால் அந்த மனிதர் பதவியை இழந்தது இழந்ததுதான். வாக்களித்த மக்களுக்கு அவரோடு உட்கார்ந்து பேசத் தயக்கம் இல்லை, சட்டத்துக்குத் தயக்கம்.

நீதி என்று சொல்லும்போது எனக்கு எப்போதும் ஜப்பான் வழக்கு ஒன்று நினைவுக்கு வரும். குமாமோட்டோ மாகாணத்தில் ஓர் ஆள்மேல் கொலைக் குற்றச்சாட்டு. அவர் தொழுநோயாளி என்று பதிவாகியிருந்ததால் வழக்கமான நீதிமன்றத்தில் விசாரிக்கவில்லை. நோயாளர் காப்பகத்துக்குள்ளேயே தனி நீதிமன்றம் வைத்தார்கள், பொதுமக்கள் வந்து பார்க்க வழியில்லை. நீதிபதி, வழக்கறிஞர் எல்லாரும் வெள்ளை அங்கி, ரப்பர் கையுறை. சாட்சியப் பொருள்களை இடுக்கிக் குச்சியால் எடுத்துக் காட்டினார்கள். 1953-இல் மரண தண்டனை. 1962-இல் தூக்கில் போட்டுவிட்டார்கள், மறுவிசாரணை மனு தள்ளுபடியான மறுநாளே. அவர் கொன்றாரா இல்லையா என்பதை இப்படி ஒரு விசாரணை எப்படிச் சொல்லும்? தன் கட்சிக்காரர் தொட்ட காகிதத்தைத் தொடப் பயப்படுகிற ஒரு வக்கீல் அவருக்காக எவ்வளவு வாதாடியிருப்பார்? ஜப்பானிலும் அதற்குள் மருந்து வந்துவிட்டது. 2016-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் இந்தத் தனி நீதிமன்றங்களுக்காக மன்னிப்புக் கேட்டது. 2020-இல் குமாமோட்டோ நீதிமன்றம் அந்த விசாரணை முறை அரசியலமைப்புக்கு விரோதம் என்று சொன்னது. அந்த மனிதர் போய் ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.


மழைக்கால்:

இடுக்கிக் குச்சி விஷயத்தைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் வேறு வேலை ஓடவில்லை.


கடல்காகம்:

எனக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே எல்லாரும் "அறிவு வந்தால் தப்பெண்ணம் போய்விடும்" என்ற நம்பிக்கையில் எழுதுகிறீர்கள். கரிசல் முதல் பதிவில் பெருமையாகச் சொன்ன அதே ஹான்சன் என்ன செய்தார் தெரியுமா? கிருமியைப் பார்த்தார், ஆனால் அது நோய் உண்டாக்குகிறது என்று நிரூபிக்க முடியவில்லை. அந்தக் கிருமியை ஆய்வகத்தில் தட்டில் வளர்க்கவே முடியாது, இன்றுவரை முடியவில்லை. அதனால் 1879-இல் தன் மருத்துவமனையில் இருந்த ஒரு பெண்ணின் கண்ணில், அவளிடம் அனுமதி கேட்காமல், இன்னொரு நோயாளியின் கசிவைக் கத்தி முனையால் ஏற்றினார். அந்தப் பெண் புகார் சொன்னாள். வழக்கு நடந்தது. 1880-இல் நீதிமன்றம் அவர் தவறு செய்தார் என்று தீர்ப்பளித்து அந்த மருத்துவமனைப் பதவியிலிருந்து நீக்கியது.

அந்த நூற்றாண்டில், ஓர் ஏழை நோயாளிப் பெண்ணின் பேச்சை எடுத்துக்கொண்டு உலகப் புகழ் பெற்ற மருத்துவருக்கு எதிராக ஒரு நீதிமன்றம் நின்றிருக்கிறது. அந்த நீதிபதிகளுக்கு நோயைப் பற்றி ஹான்சனுக்குத் தெரிந்ததில் நூறில் ஒரு பங்குகூடத் தெரிந்திருக்காது. இருந்தும் அவள் ஒரு மனுஷி, அவள் உடம்பைத் தொட அவளைக் கேட்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது. மறுபக்கம் ஹான்சனுக்குக் கிருமி தெரிந்தது, அந்தப் பெண்ணைத் தெரியவில்லை. எனவே எந்த அறியாமையைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்வோம்.


கரிசல்மண்:

கடல்காகம், இந்த வழக்கு எனக்குத் தெரியாது, எழுதியதற்கு நன்றி. நீங்கள் சொல்வது என் வாதத்தை உடைக்கவில்லை, இன்னும் கூர்மையாக்குகிறது என்றே நினைக்கிறேன். உண்மை தெரியாமல் இருப்பது ஒரு வகை. எதிரில் இருப்பவனை ஓர் ஆளாகவே கணக்கில் எடுக்காமல் இருப்பது வேறு. முதலாவதுக்கு ஒரு துண்டுப் பிரசுரம் போதும், இரண்டாவது இருக்கிறவரை அந்தத் துண்டுப் பிரசுரத்தை எவரும் வாசிக்க மாட்டார்கள். 1890-91 ஆணையத்தின் அறிக்கைக்கு அதுதான் நடந்தது.

2020 ஏப்ரல் சென்னையை மறந்துவிட்டோமா? கொரோனாவில் இறந்த ஒரு நரம்பியல் அறுவை மருத்துவரை அடக்கம் செய்யப் போனபோது கல்லும் கட்டையும் கொண்டு ஆம்புலன்ஸைத் தாக்கி விரட்டினார்கள். நள்ளிரவில் இன்னொரு மருத்துவர் தன் கையாலேயே மண்வெட்டி பிடித்துப் புதைத்துவிட்டு வந்தார். புதைத்த உடலிலிருந்து வைரஸ் எழுந்து வராது என்று அன்றைக்குத் தொலைக்காட்சியில் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். எல்லார் கையிலும் போன் இருந்தது. ஊர் முழுக்க அன்று தகவல் கொட்டிக் கிடந்தது.


சுண்ணாம்புக்கல்:

அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அன்றைக்கு அதே போனில்தான் பத்து விதமான வதந்தியும் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எது உண்மை என்று பிரித்துப் பார்க்க மனிதருக்கு நிதானம் வேண்டும், பயம் நிதானத்தைத் தின்றுவிடும். கல்லெறிந்தது குற்றம், தண்டிக்க வேண்டும். அந்தப் பயத்தை உண்டாக்கியவர்கள் எல்லாரும் தப்பித்துவிட்டார்கள் என்பதுதான் என் வருத்தம்.


தேன்சிட்டு:

நீண்ட நாளாக இங்கே வாசிப்பவள், எழுதுவது அபூர்வம். உங்கள் எல்லாரிடமும் ஒன்று கேட்க வேண்டும்.

என் அப்பாவுக்கு நான் பள்ளியில் படிக்கும்போது இந்த நோய் வந்தது. முதுகிலும் தொடையிலும் தேமல். சீக்கிரமே பார்த்துவிட்டதால் மாத்திரை சாப்பிட்டுப் பூரணமாகக் குணமாகிவிட்டது, கை கால் எல்லாம் நன்றாக இருக்கிறது. இடது பாதத்தில் ஓர் இடத்தில் மட்டும் உணர்ச்சி குறைவு. சொந்தக்காரர் யாருக்கும் தெரியாது. இப்போது தங்கைக்கு வரன் பேசுகிறோம். நல்ல குடும்பம். "வாயைத் திறக்கக் கூடாது" என்கிறார் அம்மா. அப்பா எதுவும் சொல்வதில்லை, ஆனால் மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று செருப்பைக் கழற்றாமல் வெளியிலேயே நின்றுவிட்டார், யாராவது பாதத்தைப் பார்த்துவிடுவார்களோ என்று. தங்கைக்கு மறைத்துக் கல்யாணம் செய்துகொள்ளப் பிடிக்கவில்லை. சொன்னால் கல்யாணம் நிற்கும், அதோடு விஷயம் ஊருக்குப் போகும், அப்பா தாங்க மாட்டார். சொல்லாவிட்டால் பொய்யில் தொடங்குகிற வாழ்க்கை. எது சரி?


பாலாற்றங்கரை:

அம்மா, முதலில் மருத்துவத்தைச் சொல்லிவிடுகிறேன். இது பரம்பரையாக வராது. அப்பாவிடமிருந்து இனி எவருக்கும் தொற்றாது, அது எப்போதோ முடிந்துபோன கதை. உங்கள் தங்கைக்கோ அவளுக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்கோ அப்பாவிடமிருந்து இனி ஓர் ஆபத்தும் இல்லை. பழைய டைஃபாய்டை யாராவது வரன் பேசும்போது சொல்வார்களா? சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை என்பது என் உறுதியான கருத்து.

அப்பா பாதத்தைத் தினமும் ராத்திரி ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். உணர்ச்சி குறைந்த இடத்தில் கொப்புளம், வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெறுங்காலோடு நடக்கவே கூடாது. அன்றைக்குச் செருப்பைக் கழற்றாதது ஒரு வகையில் நல்லதுதான்.


நீதிமன்றவாசல்:

சட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2015-இல் நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம் தன் 256-வது அறிக்கையில் இந்தப் பாகுபாட்டுப் பிரிவுகளையெல்லாம் தூக்கச் சொன்னது. 2019-இல் தனிநபர் சட்டங்கள் திருத்தச் சட்டம் வந்து ஐந்து சட்டங்களிலிருந்து தொழுநோயை எடுத்துவிட்டது: கிறிஸ்தவ விவாகரத்து, முஸ்லிம் திருமண ரத்து, சிறப்புத் திருமணம், இந்து திருமணம், இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சம். ஆக, திருமணம் ஆனவருக்கே இந்த நோய் வந்தாலும் இன்று அது விவாகரத்துக்குக் காரணம் ஆகாது. மாமனாருக்கு எப்போதோ வந்து போனது எந்த நீதிமன்றத்திலும் ஒரு விஷயமே இல்லை.


சுண்ணாம்புக்கல்:

சட்டம் காப்பாற்றும், மருத்துவம் காப்பாற்றும், எல்லாம் சரி. கல்யாணத்துக்கு அப்புறம் யாராவது போய் வத்திவைத்தால் அந்தப் பெண் மாமியார் வீட்டில் தினம் தினம் பேச்சு வாங்குவாளே, அப்போது நீங்கள் யாரும் அங்கே இருக்க மாட்டீர்கள். தங்கச்சி, என் யோசனை, மாப்பிள்ளைப் பையனிடம் மட்டும், உங்கள் தங்கையே நேராகச் சொல்லட்டும். பெரியவர்கள் கூடிய சபையில் வேண்டாம். அவன் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள இரண்டு நாள் எடுத்துக்கொள்ளட்டும். கேட்டுத் தெரிந்துகொள்ளவே மறுத்தால் அந்த ஆளைப் பற்றி உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது.


கடல்காகம்:

சுண்ணாம்புக்கல் சொல்வதை ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. இது அப்பாவின் உடம்பு பற்றிய விஷயம். அவரைக் கேட்காமல் யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது. பெர்கன் பெண்ணைக் கேட்காமல் செய்தது தவறு என்றால் இதுவும் தவறுதான். முதலில் தங்கை அப்பாவிடம் பேசட்டும்.

எனக்குக் கோபம் வேறு ஒன்றில். அறியாமை அந்தப் பக்கம், ஆனால் அதற்காக ராத்திரி தூக்கம் கெட்டு இது சரியா அது சரியா என்று தவிப்பது இந்தப் பக்கம். எந்தத் தவறும் செய்யாதவர்தான் வாசலில் நின்றார்.


கரிசல்மண்:

நான் இதில் பாலாற்றங்கரை அண்ணாவோடு முழுதாக ஒத்துப்போக முடியவில்லை. கடமை இல்லை, உண்மைதான். ஆனால் குணமான பல லட்சம் பேரும் மறைத்தே வாழ்ந்தால், ஊர் கண்ணுக்குத் தெரிவது பிச்சை எடுக்கிற, கை மடங்கிய அந்த ஒரு சிலர் மட்டும்தான். குணமான மனிதர் எப்படி இருப்பார் என்பதை நம் ஊர் பார்த்ததே இல்லை. வங்கியில், பள்ளியில், பேருந்தில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் இன்னார் என்று தெரியாது. மறைப்பது பயத்தால், பயம் அறியாமையால், அறியாமை மறைப்பதால். இதை எங்காவது யாராவது அறுக்க வேண்டும். டி.என். ஜகதீசன் அதைத்தான் செய்தார். தனக்கு நோய் இருந்ததை மறைக்காமல் வெளியில் சொல்லி, மழவந்தாங்கலில் கஸ்தூரிபா பெயரில் ஒரு நிலையம் கட்ட உழைத்து, நாடு முழுக்கப் போய்ப் பேசினார். அவரைப் போல இன்னும் நூறு பேர் வெளியில் வந்திருந்தால் 2001 திருத்தத்தில் அந்த வரி நுழைந்திருக்குமா?


தேன்சிட்டு:

கரிசல் அண்ணா, உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் அந்த நூறு பேரில் என் அப்பா ஒருவராக இருக்க வேண்டும் என்று நான் அவரைக் கேட்க மாட்டேன். அவர் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவர். ஊரைத் திருத்தும் வேலை அவருடையது இல்லை.


கரிசல்மண்:

நியாயம். அதற்கு என்னிடம் பதில் இல்லை.


பாலாற்றங்கரை:

அறுப்பதற்கு வேறு வழிகளும் உண்டு கரிசல், நோயாளி தன்னைக் காட்டிக்கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று இல்லை. 1955-இல் மதுராந்தகம் பக்கம் பொலம்பாக்கத்தில் பெல்ஜியத்து மருத்துவர் ஹெமெரிக்ஸ் ஒரு மையம் தொடங்கினார். நோயாளிகளை மதிலுக்குள் கூப்பிடாமல், குறிப்பிட்ட நாளில் ஊர் ஊராக வண்டியில் போய் மரத்தடியில் உட்கார்ந்து மருந்து கொடுத்தார்கள். அவருக்குப் பிறகு கிளேர் வெல்லூ அம்மையார் அதை நடத்தினார், இந்தியக் குடிமகளாகவே ஆகிவிட்டவர். மரத்தடியில் என்ன நடந்தது என்றால், ஊர்க்காரர்கள் தள்ளி நின்று பார்த்தார்கள். டாக்டர் வெறுங்கையால் புண்ணைத் தொடுகிறார், நரம்பை அழுத்திப் பார்க்கிறார், அடுத்த வாரமும் நன்றாகத்தான் வருகிறார். நாங்கள் பின்னாளில் ஒலிபெருக்கி வைத்துக் கத்தியதைவிட அது அதிகம் சொன்னது.

அதே மாதிரி எதிர்ப்பக்கமும். குணமாகிப் பல வருடம் ஆன ஒரு பெரியவரைக் கால் எலும்பு முறிவுக்காக ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். பணியில் இருந்த மருத்துவர் அவர் விரல்களைப் பார்த்துவிட்டு, தொடாமலே, "இதற்கென்று இருக்கிற இடத்துக்குப் போங்கள்" என்றார். வரவேற்பறையில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு டாக்டரே தொடவில்லை என்பதை அந்த இருபது பேரும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். அந்த டாக்டர் பரீட்சையில் தொழுநோய்க் கேள்விக்குச் சரியாகத்தான் எழுதியிருப்பார்.


மழைக்கால்:

2005-இல் இந்தியாவில் தொழுநோய் ஒழிந்துவிட்டது என்று அறிவித்தார்களே, இப்போது புதிதாக யாருக்கும் வருவதில்லைதானே? ஏன் கேட்கிறேன் என்றால், எங்கள் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு பையனுக்கு முதுகில் வெளிறிய தேமல் ஒன்று மாதக்கணக்கில் இருக்கிறது. அரிப்பு இல்லை என்கிறான். களிம்பு போட்டும் போகவில்லை.


பாலாற்றங்கரை:

அந்த அறிவிப்புதான் இப்போது நிறையப் பேரைத் தூங்கவைத்திருக்கிறது. பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கும் கீழே வந்துவிட்டது என்பதுதான் அதன் அர்த்தம், நோயே இல்லை என்று அல்ல. இன்றைக்கும் ஆண்டுக்கு ஒரு லட்சம் அளவுக்குப் புதியவர்கள் இந்தியாவில் கண்டுபிடிக்கப்படுகிறார்கள், உலகக் கணக்கில் பாதிக்கும் மேல். கிருமி உள்ளே போய் அடையாளம் தெரிய சராசரியாக ஐந்து வருடம் ஆகும், இருபது வருடம் ஆனவர்களும் உண்டு.

பையனுக்கு அது வெறும் தேமலாகவே இருக்கலாம், இங்கிருந்து நான் சொல்ல முடியாது. ஆனால் அரிப்பு இல்லாத, உணர்ச்சி குறைந்த, களிம்புக்குப் போகாத வெளிறிய அல்லது சிவந்த படை என்றால் தள்ளிப்போடாதீர்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். பேனா முனை, பஞ்சு வைத்துத் தொட்டுப் பார்ப்பார்கள், முழங்கை நரம்பைத் தடவிப் பார்ப்பார்கள். இந்த நோய்தான் என்றால் மாதா மாதம் அட்டை அட்டையாக மருந்து இலவசம். மாத்திரையில் குளோஃபாசிமின் இருப்பதால் தோல் கொஞ்சம் கறுக்கும், பக்கத்தில் இருப்பவர்கள் கேட்பார்கள், அதற்குப் பயந்துதான் பாதியில் நிறுத்துகிறார்கள். மருந்து முடிந்து சில மாதங்களில் நிறம் பழையபடி திரும்பிவிடும் என்று முதல் நாளே அவனிடம் சொல்லிவிடுங்கள். கூட இருக்கும் வீட்டாரையும் ஒரு தடவை பரிசோதிக்க வேண்டும். முக்கியமாக, வேலையை விட்டு நிறுத்தாதீர்கள், தங்கும் அறையை மாற்றச் சொல்லாதீர்கள், பட்டறையில் மற்றவர்களிடம் அவனைக் கேட்காமல் பேசாதீர்கள்.


மழைக்கால்:

சரி அண்ணா. முதலில் அவனிடமே பேசுகிறேன். திங்கட்கிழமை லீவு கொடுத்து நானே கூடப் போகிறேன்.


தேன்சிட்டு:

எங்கள் வீட்டு நிலவரம்: நேற்று ராத்திரி தங்கை அப்பாவிடம் பேசினாள். அம்மா அழுதார், இன்னும் சம்மதிக்கவில்லை. அப்பா நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பையனிடம் சொல், நானும் கூட இருக்கிறேன், அவனுக்குக் கேட்க ஏதாவது இருந்தால் என்னிடமே கேட்கட்டும்" என்று சொல்லிவிட்டார். பாலாற்றங்கரை ஐயா, பையன் கேட்டால் கொடுக்க அந்த மருத்துவ விவரங்களைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதித் தர முடியுமா?


பாலாற்றங்கரை:

இன்று ராத்திரிக்குள் எழுதி அனுப்புகிறேன் அம்மா. மாப்பிள்ளைத் தம்பிக்கு ஆட்சேபம் இல்லை என்றால் என்னோடு போனில் பேசச் சொல்லுங்கள், எந்தக் கேள்வியானாலும் கூச்சப்படாமல் கேட்கட்டும்.